தூங்கப் போட்ட லேப்டாப்பும் செங்கல்பட்டு நாஸ்தாவும்

நான் திருநெல்வேலிக்காரி. எனக்குக் கோவில்பட்டியைத் தாண்டினாலே வெளிநாடுதான். தண்ணீர் உப்புக் கரிக்கும், தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி கேட்டால் "அது இன்னாது?" என்பார்கள், யாரும் யாரையும் அண்ணாச்சி என்று கூப்பிட மாட்டார்கள். அப்படிப்பட்டவள் ஒரு பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனேன் என்றால், அதற்கு ஷமீமாதான் காரணம்.

ஷமீமாவும் நானும் திருச்சியில் கல்லூரி விடுதியில் ஒரே அறை. அவளுக்குப் பிறந்த ஊரும் வாழ்க்கைப்பட்ட ஊரும் செங்கல்பட்டேதான். போன வாரம் திடீரென்று கூப்பிட்டு, "மகேசு, டீவில படம் படமா போட்டுக் காட்டி வெவரம் சொல்லுவாங்களே, அத்த செய்யத் தெரியுமா உனுக்கு?" என்று கேட்டாள். கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடையில் பக்கம் வடிவமைப்பது என் வேலை. தெரியும் என்றேன். தெரியாவிட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

விஷயம் இதுதான். அவள் கணவர் காஜா அண்ணன் சிறுசேரிக்கு ஐ.டி. ஆபீஸ் ஆட்களை ஏற்றிப்போகும் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். கம்பெனி வேறு வண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டதில் இவருக்கு வேலை போய்விட்டது. சவுதியில் டிரைவர் வேலை இருக்கிறது, வருகிறீர்களா இல்லையா என்று புதன்கிழமைக்குள் சொல்லுங்கள் என்று ஒரு ஏஜெண்ட் நெருக்கிக்கொண்டிருந்தார். போனால் மூன்று வருடத்துக்கு ஊர்ப் பக்கம் வர முடியாது. அந்த நேரம் பார்த்து, மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு சின்ன விடுதிக்குக் காலை நாஸ்தா சமைத்துக் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று ஷமீமாவுக்குத் தெரியவந்தது. விடுதிக்கார அம்மா அதே புதன்கிழமை காலையில் வந்து பார்க்கச் சொல்லியிருந்தார். கிடைத்தால் இவள் சமைப்பாள், அவர் கொண்டுபோய்க் கொடுப்பார். கிடைக்காவிட்டால் சவுதி.

"சும்மா கைய வீசிகினு போய் நின்னா மதிக்க மாட்டாங்கடி" என்றாள் ஷமீமா. நான் கடையில் விடுப்பு சொல்லிவிட்டு ரயிலேறினேன்.

லேப்டாப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது என் தம்பி வேண்டாமென்று கழித்தது. பொத்தானை அழுத்திவிட்டு, பாலைக் காய்ச்சி, காபி போட்டு, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வந்தால் அப்போதுதான் மெல்லக் கண் விழிக்கும். அணைவதற்கும் அதே அளவுக்கு யோசிக்கும். ஆனாலும் நான் ஒழுங்கான பெண். வேலை முடிந்தால் முறைப்படி ஷட்டவுன் கொடுத்து, திரை கறுப்பாவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியை மூடுவேன்.

அந்த ஒழுங்கு என்னைச் செங்கல்பட்டில் இறங்க விடவில்லை. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து ஷமீமாவுக்கான பக்கங்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஊர் வரப்போகிறது என்று எதிர்ச்சீட்டுக்காரர் சொன்னதும் ஷட்டவுன் கொடுத்தேன். அது "புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்காதீர்கள்" என்று ஒரு வட்டத்தைச் சுற்ற ஆரம்பித்தது. பாதியில் மூடினால் உள்ளே ஏதாவது வெந்துபோகுமோ என்று பயம். திறந்த லேப்டாப்பை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வாசலில் நின்ற ஒரு பெண், "இன்னாம்மா, சீர்வரிசத் தட்டு மாதிரி ஏந்திகினு வர?" என்றாள். அவளுக்குப் பதில் சொல்வதற்குள் ஏறுகிறவர்கள் என்னை உள்ளே தள்ள, ரயில் கிளம்பிவிட்டது. கொளவாய் ஏரி வெயிலில் மின்னிக்கொண்டே பின்னால் போனது. அழகான ஏரி, ஆனால் ரசிக்கிற மனநிலையில் நான் இல்லை. தாம்பரத்தில் இறங்கியபோதும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

தாம்பரத்திலிருந்து திரும்பி வரும் மின்சார ரயிலில் என் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை, கண்ணில் இரவு வேலை பார்த்த களைப்பு. அவள் லேப்டாப்பைத் திறந்தாள், நாலு வரி தட்டினாள், மூடினாள். மறுபடி திறந்தாள், உடனே அதே பக்கம் வந்து நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, நீ அணைக்கவே மாட்டியா?"

"ஷட்டவுன் எதுக்கு ஆன்ட்டி? மூடி வெச்சா தூங்கிடும், தொறந்தா முழிச்சிக்கும்."

"தூங்கும்போது சார்ஜ் போவாதா?"

"கொஞ்சூண்டு போவும். அதுவும் தீந்து போச்சுன்னா பேஜாரு. அதுக்கு ஹைபர்நேட் கீது. நீங்க செஞ்சிகினு இருக்கற வேலைய அப்டியே உள்ள எழுதி வெச்சிட்டு மொத்தமா அணைஞ்சிடும், கரண்டே வேணாம். எழுந்துக்க கொஞ்சம் நேரமாவும், ஆனா வுட்ட எடத்துலயே எழுந்துக்கும்."

என் லேப்டாப்பை வாங்கி, திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள். மூடினால் தூங்க வேண்டும், பேட்டரி தீரப்போகிறது என்றால் தானாகவே ஹைபர்நேட் ஆக வேண்டும் என்று இரண்டு இடத்தில் மாற்றி வைத்தாள். கூடுவாஞ்சேரி வந்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு இறங்கிப் போய்விட்டாள். அங்கிருந்து செங்கல்பட்டு வரைக்கும் நான் லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். எதிரே இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

ஷமீமா வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும் காத்திருந்தன. எங்கள் ஊரில் இடியாப்பத்துக்குச் சொதிதான், அதற்கு மேல் ஒன்று கிடையாது என்று சொல்லிக்கொண்டே நான்காவது முறை பாயா ஊற்றிக்கொண்டேன். காஜா அண்ணன் சிரித்தார். நெடுநெடுவென்று உயரம், பேச்சு குறைவு. "வாங்க சிஸ்டர்" என்றதோடு சரி. அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே கிளம்பும்போதும் படுக்கப் போகும்போதும் வீட்டை ஒரு சுற்று வருவார். கேஸ் மூடியிருக்கிறதா, குழாய் சொட்டுகிறதா, சுவிட்ச் எதுவும் போட்டபடி இருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிட்டு, பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு கதவைச் சாத்துவார். வண்டி ஓட்டுகிறவரின் கவனம் என்று எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

மறுநாள் முழுக்கப் படம் பிடிக்கும் நாள். தூங்க வைக்கும் வித்தை இல்லாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் நடந்திருக்காது. ஆப்பம் சட்டியிலிருந்து இறங்கிய உடனே படம் எடுக்க வேண்டும், எடுத்த உடனே பக்கத்தில் போட வேண்டும், அதற்குள் ஷமீமா அடுத்த ஆப்பத்தை ஊற்றிவிடுவாள். மூடியைத் திறந்தால் விட்ட இடம் அப்படியே நிற்கிறது. வேலை முடிந்ததும் மூடிவிட்டு அடுப்பங்கரைக்கு ஓடலாம். பழைய வழியில் ஒவ்வொரு முறையும் காபி போட்டுக் குடித்திருந்தால் நான் அந்த வீட்டுப் பால் முழுவதையும் காலி செய்திருப்பேன்.

நான் குளித்துவிட்டு வந்தபோது ஷமீமா பெருமையாக நின்றாள். "உன் லேப்டாப்புல வெளக்கு எரிஞ்சிகினே இருந்திச்சுடி. அந்த பட்டன அமுக்கிப் புடிச்சிகினு நல்லா ஆஃப் பண்ணிட்டேன்."

"ஏட்டி! அது தூங்கிட்டுல்லா இருந்துச்சு!"

"தூங்கறதுக்கு எதுக்கு வெளக்கு?"

நியாயமான கேள்விதான். தூங்கும்போது லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு குட்டி விளக்கு கண் சிமிட்டும். அதைப் பார்த்துத்தான் தூங்குகிறதா, செத்துப்போனதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவளை உட்கார வைத்து விளக்கினேன். நேற்று வரை எனக்கே தெரியாது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எவர்சில்வர் தட்டில் எடுத்த படத்தில் என் முகமே தெரிந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டு கேட்டு, கல்பாக்கம் அணுமின் நிலைய ஊழியர்கள் குடியிருக்கும் அணுபுரத்தில் இருக்கும் ஷமீமாவின் பழைய பக்கத்து வீட்டம்மாவிடம் போனோம். எங்கே பார்த்தாலும் மரம், சத்தமில்லாத தெரு, வரிசை பிசகாத வீடுகள். அந்த அம்மா மதுரைக்காரர், எனக்குக் காது குளிர்ந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்து, "நல்லபடியா முடியட்டும் தாயி" என்றார். திரும்பும் பஸ்ஸில் ஷமீமா தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அவரு பொட்டியெல்லாம் எறக்கி வெச்சிட்டாருடி, பரண் மேலேந்து" என்றாள். நான் பாதித் தட்டுகளை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் பக்கங்கள் தயாராகிவிட்டன. மஃரிப் தொழுகை முடிந்து காஜா அண்ணன் வந்ததும் ஒத்திகை வைத்தோம். அவருக்கு விடுதி முதலாளி வேடம். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்ததும் அந்த அமைதியான மனிதருக்குள்ளிருந்து யாரோ ஒரு ரவுடி எழுந்து வந்தார். ஷமீமா எப்படிப் பேசுகிறாள் என்று அவளே பார்க்கட்டும் என்று லேப்டாப் கேமராவில் படம் பிடித்தேன். பிறகு போட்டுப் பார்த்து மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாதியிலேயே அண்ணனுக்கு வெட்கம் வந்துவிட்டது. "போதும் சிஸ்டர், பாக்க சகிக்கல" என்று அவரே மூடியைச் சாத்தினார். நான் சார்ஜரைச் செருகிவிட்டு, விளக்கு கண் சிமிட்டுவதைப் பார்த்துவிட்டுப் படுத்தேன். ஷமீமா மட்டும் நான் எழுதிக் கொடுத்த முன்னுரையை முணுமுணுத்தபடியே காலை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலை. அண்ணனின் நண்பர் ஒருவருடைய குட்டியானை மினி லாரியில் கிளம்பினோம். முன்னால் நாங்கள் மூவரும், பின்னால் இடியாப்பமும் பாயாவும் நிரம்பிய ஹாட்பாக்ஸ்களும். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் வண்டி இருமி, புகைவிட்டு, ஓரமாக நின்றுவிட்டது. அண்ணன் கீழே குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நண்பருக்குப் போனில் சொல்லிவிட்டு, ஹாட்பாக்ஸ்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்த பஸ்ஸில் ஏறினோம்.

மூடி நன்றாக இறுகாத ஹாட்பாக்ஸ் ஒன்றிலிருந்து பாயா வாசனை பஸ் முழுக்கப் பரவியது. கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "யாருமா அது, பஸ்ஸுக்கே பசி எடுக்குது" என்றார். பின்சீட்டில் யாரோ, "அண்ணாத்த, ஒரு ஸ்டாப்பு நிறுத்து, நாஸ்தா முடிச்சிகினு போலாம்" என்று குரல் கொடுத்தார்கள். ஷமீமா அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

அந்தச் சந்தோஷத்தில் பையைத் திறந்து லேப்டாப்பின் ஓரத்தைப் பார்த்தேன். விளக்கு சிமிட்டவில்லை.

"அண்ணே, ராத்திரி சார்ஜர் சுவிட்ச எதுவும் தொட்டீங்களா?"

அவர் முகம் மாறியதிலேயே பதில் தெரிந்துவிட்டது. "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு தான் சிஸ்டர் படுப்பேன். ராவுல இடி கிடி வுழுந்தா இன்னா பண்றது?"

"உன் சுவிச்சுல இடி வுழ!" என்றாள் ஷமீமா. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. என் வீட்டுக்காரர் திருச்செந்தூருக்குப் போகும்போது ஃபிரிட்ஜையே அணைத்துவிட்டு வருகிறவர். செருகியிருக்கிறதா என்று பார்த்த நான் சுவிட்சையும் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது இரண்டில் ஒன்று நடந்திருக்கும். அந்த ரயில் பெண் செய்து வைத்தபடி பேட்டரி தீரும் முன் எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டு அணைந்திருக்கலாம். இல்லையென்றால் தூக்கத்திலேயே உயிர் போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து எழுப்ப வேண்டும். அதற்குக் காபி போட்டுக் குடிக்கிற நேரம் வேண்டும். வண்டி நின்றதில் எங்களிடம் நேரமே மிச்சமில்லை. மாமல்லபுரம் வரைக்கும் நான் வேடிக்கை பார்க்கவில்லை. கடல் தெரிந்ததாக ஷமீமா சொன்னாள்.

விடுதி கடலை ஒட்டி இருந்தது. வாசலில் அலைச்சறுக்குப் பலகைகள் சாய்த்து வைத்திருந்தார்கள். காஜா அண்ணன் உள்ளே வரவில்லை. எத்தனை கூப்பிட்டும், "நீங்க போங்க, நான் இங்க நிக்கறேன்" என்று ஹாட்பாக்ஸ்களை எங்கள் கையில் கொடுத்துவிட்டு வெளியே நின்றுகொண்டார். வண்டியே இல்லாதபோதும் டிரைவர் வெளியேதான் நிற்பார் போலும்.

விடுதிக்கார அம்மாவின் பெயர் ரேவதி. தானும் முன்பு சிறுசேரியில் ஐ.டி. வேலை பார்த்தவர் என்று போனில் ஷமீமாவிடம் சொல்லியிருந்தாராம். வெட்டிய தலைமுடி, கையில் கார் சாவி. "பேங்க்ல வரச் சொல்லிட்டாங்க, உடனே கெளம்பணும். பத்து நிமிஷம் தான். சொல்லுங்க" என்றார்.

லேப்டாப்பைச் சுவரில் செருகினேன். சுவிட்சைப் போட்டேன், போட்டதை விரலால் தொட்டும் பார்த்தேன். கூடத்திலிருந்த பெரிய டீவியின் ஒயரை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். திரை கறுப்பாகவே இருந்தது.

ஷமீமா எழுந்து நின்றாள். "வணக்கம் மேடம். எங்கள் சமையலகம் தங்கள் விருந்தினர்களுக்குச் சுகாதாரமான, சத்தான..." என்று நான் எழுதிக் கொடுத்ததை ஆரம்பித்தாள். நடுவில் வார்த்தை நின்றுவிட்டது. மறுபடி "வணக்கம் மேடம்" என்றாள். அந்த அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பொல்லாத முன்னுரையை எழுதிக் கொடுத்த என் கையை எனக்கே கடிக்கத் தோன்றியது.

அப்போது லேப்டாப் விழித்துக்கொண்டது. அந்தப் பெண் சொன்னபடியே, விட்ட இடத்தில் விழித்தது. டீவி முழுக்கக் காஜா அண்ணன், கறுப்புக் கண்ணாடியோடு, கால்மேல் கால் போட்டு. கூடம் அதிரும்படி கேட்டார்: "இந்தாம்மா, உன் நாஸ்தாவ எவன் துன்னுவான்? எனுக்கு வரவன்லாம் வெள்ளக்காரன். ரொட்டியும் ஜாமும் தான் கேப்பான்!"

நான் பாய்ந்து நிறுத்தப் பார்த்தேன். அப்போதுதான் எழுந்த லேப்டாப் என் விரலை மதிக்கவில்லை. டீவியில் ஷமீமா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பதில் சொன்னாள்: "ரொட்டி ஜாமு அவன் ஊர்லயே கெடைக்குது. அதுக்கா ப்ளேன் ஏறி வந்தான்?"

"நிறுத்திடுறேன் மேடம், இது வேற..." என்றேன்.

"விடுங்க. ஓடட்டும்" என்றார் ரேவதி அம்மா.

"மழ பேஞ்சா? பஸ்ஸு வரலைன்னா? என் கெஸ்டு பட்னி கெடக்கணுமா?"

"பஸ்ஸ நம்பி எவ கட போடுவா? எங்க வூட்டுக்காரரு டிரைவரு. ஆறு வருசமா சிறுசேரிக்கு ஆளுங்கள ஏத்திகினு போனாரு. புயலு வந்த அன்னிக்கும் போனாரு. ஒரு நாளு லேட்டுன்னு ஒருத்தன் சொல்லச் சொல்லு பாக்கலாம்!"

டீவியில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். குரல் இறங்கியது. "நெஜமாவா சொல்ற?"

"பின்ன? அதான் உன்ன அனுப்ப மனசு வரல எனுக்கு."

அதோடு படம் முடிந்தது. ரேவதி அம்மா கார் சாவியை மேசைமேல் வைத்தார். "யாரு அது? அச்சு அசலா என் மாமனார் மாதிரியே பேசறாரு" என்றார். பிறகு ஷமீமா பக்கம் திரும்பினார். "என் கேள்வி ஒண்ணுதான். நோன்பு மாசம் முழுக்க உங்களால சமைக்க முடியுமா? ரம்ஜான் அன்னிக்கு யார் வருவா?"

இந்தக் கேள்வியை ஒத்திகையில் நாங்கள் கேட்கவில்லை. நான் எழுதிய பக்கங்களிலும் இதற்குப் பதில் இல்லை. ஷமீமா டீவியைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"நோன்பு எனுக்கு தான மேடம், அடுப்புக்கு இல்ல. உப்பு காரம் பாக்க எங்க வூட்டுக்காரரு தங்கச்சி பொண்ணு கீது, சின்னப் புள்ள, அதுக்கு நோன்பு இல்ல. பெருநாளு அன்னிக்கு மட்டும் வர மாட்டேன். அன்னிக்கு உங்க கெஸ்டு அத்தினி பேரையும் வண்டி ஏத்தி எங்க வூட்டுக்கு அனுப்புங்க. பிரியாணி துன்னுட்டு வரட்டும்."

ரேவதி அம்மா சிரித்துவிட்டார். ஒரு இடியாப்பத்தைப் பிய்த்துப் பாயாவில் தொட்டு நின்றபடியே சாப்பிட்டார். இன்னொன்றும் எடுத்தார். "எப்ப ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். நான் இரண்டு நாள் உழைத்துச் செய்த பக்கங்களில் ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இல்லை என்று சொன்னால் பொய்.

வெளியே காஜா அண்ணன் மீன்படகுகளுக்குப் பக்கத்தில், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலையில் நின்றிருந்தார். ஷமீமா அவரிடம் ஓடினாள். முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள்.

அண்ணன் அவளை ஒரு நிமிடம் பார்த்தார். "வுடு. என் தப்பு தான், சுவிச்ச அணைச்சவன் நான் தான. மூணு வருசம் தான், ஓடிப் போயிடும்" என்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஏஜெண்டின் நம்பரை அழுத்தினார்.

ஷமீமா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நாளைக்கு காலைல ஏழு மணிக்கு நாஸ்தா கேட்டுகீறாங்க" என்றாள்.

அவர் அப்படியே நின்றார். அலை வந்து முழங்கால் வரை நனைத்துவிட்டுப் போனது. போனில் எதிர்முனை "ஹலோ, ஹலோ" என்று கத்துவது எனக்கே கேட்டது. அண்ணன் போனைக் காதில் வைத்தார், தொண்டையைச் செருமினார்.

"பாய், நான் காஜா பேசறேன். சவுதிக்கு வேற ஆளப் பாத்துக்கோங்க. இல்ல பாய், சம்பளம்லாம் நல்ல சம்பளம் தான். எனுக்கு காலைல இடியாப்பம் எடுத்துகினு போவணும்."